சேலத்து மூசையும் ஷெஃபீல்டு உலையும்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலத்தை முதலில் அடியிலிருந்து பார்ப்பது நல்லது. மேலே நடந்து போகிறவர்களுக்கு அது ஓர் அழகான பழைய பாலம், அவ்வளவுதான். கரையில் இறங்கி வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கட்டியவர்களின் மனம் தெரிகிறது. ஒரு சட்டத்தில் துளை. இன்னொன்றில் அதற்குள் நுழையும் கழுந்து. இரண்டையும் இறுக்க ஆப்பு. சில இடங்களில் புறாவால் வடிவ மூட்டு. அத்தனையும் தச்சுவேலை. பொருள் மட்டும் இரும்பு.

1779 கோடையில் இந்த வளைவுகளைத் தூக்கி நிறுத்தியபோது இவ்வளவு பெரிய இரும்புப் பாலம் உலகில் வேறெங்கும் இல்லை. வரைந்து கொடுத்த தாமஸ் பிரிச்சர்ட் பாலம் எழுமுன்பே இறந்துபோனார். வார்த்துக் கொடுத்தவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி. ஏறத்தாழ 1,700 துண்டுகள், 378 டன் எடை, சுமார் 30 மீட்டர் தாண்டும் ஒரே வளைவு. இரும்புச் சட்டங்களை எப்படிப் பூட்டுவது என்று சொல்லித்தர யாரும் இல்லாத காலம். கையில் இருந்த தச்சு அறிவை எடுத்து அவர்கள் புதிய பொருளில் இறக்கினார்கள். அந்த மூட்டுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பாலம் ஏன் வளைவாக இருக்கிறது என்பதற்கான விடை அந்த இரும்புக்குள்ளேயே இருக்கிறது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கார்பன் உண்டு. சுத்தமான இரும்பை உருக்க 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், கார்பன் 4.3 சதவீதத்தை எட்டும்போது 1,150 டிகிரிக்கு உள்ளாகவே அது உருகிவிடும். அதனால்தான் அதை மணல் அச்சில் ஊற்றி நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவர முடிகிறது. ஆனால் ஆறும்போது இரும்பால் அத்தனை கார்பனையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. மிஞ்சியது மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்து நிற்கும். இழுவிசை வரும்போது அந்தத் தகடு ஒவ்வொன்றும் உள்விரிசலின் வேலையைச் செய்யும். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். நம் வீட்டு வார்ப்பிரும்பு தோசைக்கல் தலைமுறை தாண்டி உழைப்பதும், கை தவறிக் கீழே விழுந்தால் இரண்டாக உடைவதும் இதே காரணத்தால்தான். வளைவில் எல்லாச் சுமையும் அமுக்கமாகவே இறங்குவதால் பாலம் நின்றது. செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் அதே வார்ப்பிரும்பை நேர் உத்தரங்களாகப் போட்டார்கள். 1847இல் ரயில் போகையில் ஓர் உத்தரம் முறிந்து ஐந்து பேர் உயிரிழந்தனர்.

பாலத்துக்கு அருகே கோல்புரூக்டேலில், முதலாம் ஆபிரகாம் டார்பி 1709இல் மரக்கரியை விட்டுவிட்டு கோக் கரியால் இரும்பு எடுத்த உலை, ஒரு கண்ணாடிக் கூரையின் கீழ் இருக்கிறது. காடுகளை அழிக்காமல் இரும்பு எடுக்க வழி திறந்த இடம். இன்னும் சற்றுத் தள்ளி பிளிஸ்ட்ஸ் ஹில்லில் தேனிரும்புப் பட்டறை. கார்பன் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்துபோன இரும்பு அது. கூடவே சிட்டம் இழை இழையாகக் கலந்திருக்கும். ஒரு கம்பியைப் பாதி வெட்டி வளைத்து முறித்து வைத்திருந்தார்கள். கரும்பை முறித்ததுபோல் நார் தெரிந்தது. இழுத்தால் தாங்கும், அடித்தால் நீளும். ஆனால் கத்தியாகத் தீட்டினால் கூர் நிற்காது.

ஒன்றில் கார்பன் மிகுதி, மற்றொன்றில் இல்லவே இல்லை. இடைப்பட்ட குறுகிய இடத்தில்தான் எஃகு இருக்கிறது. அந்த இடத்தைத் தேடித்தான் ஷெஃபீல்டுக்கு ரயில் ஏறினேன்.

என் அக்கா மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படிக்கிறான். ரயில் நிலையத்துக்கு வந்திருந்தான். வெளியே வந்ததும் பளபளக்கும் ஒரு நீண்ட எஃகுச் சுவர், அதன்மேல் வழியும் தண்ணீர். நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "இது கடைசியில பார்க்க வேண்டியதுங்க மாமா. முதல்ல பழசைப் பார்த்துட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போனான்.

அவன் காட்டிய பழசு, டான்காஸ்டர் தெருவில் கட்டடங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு செங்கல் கூம்பு. 1848இல் கட்டியது, 1951 வரை எரிந்தது. இத்தகைய உலைகள் ஒரு காலத்தில் இந்த நகரம் முழுக்க இருந்தன. உள்ளே கல்தொட்டிகளில் ஸ்வீடனிலிருந்து வந்த தேனிரும்புப் பட்டைகளையும் மரக்கரியையும் அடுக்கடுக்காக வைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரத்துக்கு மேல் சூடேற்றுவார்கள். இரும்பு உருகாது, செந்தணலாகவே இருக்கும். கார்பன் மெல்ல மெல்ல மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும். வெளியே எடுக்கும்போது பட்டையின் தோல் முழுக்கக் கொப்புளம். அதற்குப் பெயரே கொப்புள எஃகு.

இதில் ஒரு குறை. தோலில் கார்பன் அதிகம், நடுவில் குறைவு. டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மனுக்கு இந்தக் குறை பெரிய தொல்லையாக இருந்தது. அவருக்கு வேண்டியது கடிகார வில்லுக்கான எஃகு. ஓரிடத்தில் கடினமாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் இருக்கும் பட்டையில் நல்ல வில் வராது. கொப்புள எஃகை முழுக்க உருக்கிவிட்டால் கார்பன் எங்கும் சமமாகும் என்று அவர் நினைத்தார். ஆனால் அந்த வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் அவரிடம் இல்லை. ஷெஃபீல்டு பக்கம் குடியேறி, 1740களில், களிமண் மூசையையும் கோக் உலையையும் அவர் ஒருவழியாகச் சரிப்படுத்தினார்.

அந்த முறையை அப்படியே காணக்கூடிய இடம் நகரின் தெற்கே அபீடேலில் இருக்கிறது. ஷீஃப் ஆற்று நீரைத் தேக்கிய குளம், நீர்ச்சக்கரங்கள், அவை தூக்கிப் போடும் சம்மட்டிகள், தொழிலாளர் குடியிருப்புகள். நீண்ட பிடி கொண்ட புல் அரிவாள்களை இங்கே செய்தார்கள். முழுமையாக எஞ்சியிருக்கும் மூசை எஃகு உலை உலகிலேயே இது ஒன்றுதான். பயணத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான்.

தரைமட்டத்தில் சதுரக் குழிகள், அவைதான் உலைகள். பக்கத்து அறையில் மூசை செய்யும் இடம். களிமண்ணையும் கோக் பொடியையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். கால் விரலுக்கு மட்டுமே ஒரு சிறு கல்லும் காற்றுக்குமிழியும் தெரியும் என்று அங்கிருந்த முதிய தன்னார்வலர் சொன்னார். ஒரு குமிழி தப்பினால் 1,600 டிகிரியில் மூசை வெடித்து, உருகிய எஃகு முழுவதும் நெருப்புக்குள் போய்விடும். ஒரு மூசையை அதிகபட்சம் மூன்று முறை பயன்படுத்தலாம், அதற்குமேல் தாங்காது. உள்ளே சுமார் 25 கிலோ எஃகு. மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தபின், ஒருவர் கால்களில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குழியின் வாயில் நின்று, நீண்ட குறட்டால் மூசையைக் கவ்வித் தூக்குவார். இன்னொருவர் அதை வாங்கி அச்சுக்குள் ஊற்றுவார். ஊற்றும் தாரை அச்சின் சுவரில் படவே கூடாது. பட்டால் பாளம் கெடும். கார்பன் எவ்வளவு என்று அறிய ஆய்வகம் கிடையாது. பட்டையை உடைத்து, உடைந்த முகத்தின் மணிகளைப் பார்த்து, இது கத்திக்கு, இது அரத்துக்கு, இது உளிக்கு என்று பிரித்தார்கள்.

அந்தக் குழியின் ஓரத்தில் நின்றபோது என் மனம் சேலத்துக் கஞ்சமலைப் பக்கம் போனது இயல்புதான். சேலம், கோயம்புத்தூர் வட்டாரங்களில் நம்மவர்கள் மூசையில் எஃகு செய்ததை ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கொடுமணல் அகழாய்விலும் மேல்சிறுவலூரிலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உமி கலந்த களிமண்ணில் சிறு மூசை. அதற்குள் அரைக்கிலோ அளவுக்குத் தேனிரும்புத் துண்டுகள். எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரைச் சுள்ளி. மேலே மூட எருக்கிலை. வாயில் களிமண் பூச்சு. இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் ஒரு சிறு எஃகு வில்லை. உலகம் வூட்ஸ் என்று அழைத்தது இதைத்தான். கார்பன் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். டமாஸ்கஸ் வாள்களின் நீரோட்டம் போன்ற வரிகளுக்கு மூலப்பொருள் இந்த வில்லைகள்தான்.

ஹன்ட்ஸ்மன் இதை அறிந்து செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். இரண்டு முறைகளின் வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷெஃபீல்டில் கார்பன் முன்பே இரும்புக்குள் போயிருக்கும். மூசையின் வேலை அதைச் சமப்படுத்துவது மட்டுமே. பிறகு அச்சில் ஊற்றி விரைவாகப் பாளமாக்குவார்கள். சேலத்தில் கார்பன் சேர்வதும் உருகுவதும் ஒரே மூசைக்குள், சில மணி நேரத்தில் நடந்து முடியும். ஊற்றுவதே இல்லை, எஃகு மூசையிலேயே மெதுவாக ஆறும். அந்த மெதுவான ஆறுதலில்தான் இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மம் தனியாகப் பிரிந்து நிற்கிறது. கொல்லன் பக்குவமாக அடிக்கும்போது அதுவே வரிவரியாக அமைகிறது. கனிமத்தில் மிகச் சிறு அளவில் இருந்த வனேடியம் போன்றவையும் அந்த வரிகளுக்குக் காரணம் என்று 1990களில் அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் காட்டினார். ஆவாரையும் எருக்கும் அளந்து போட்டவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஹன்ட்ஸ்மன் பெயரில் இந்த நகரில் ஒரு மருத்துவமனைக் கட்டடமே இருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பெயரின்மை எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஆவாரை, எருக்கு விவரத்தை விரிவாக எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து, வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து மரக்கரியில் உருக்கினார். ஆலை அவரைக் கடனில் தள்ளியது. பிறகு ஊர் திரும்பி, 1839இல் ஒரு காப்புரிமை எடுத்தார்: மூசையில் சிறிது மாங்கனீசு சேர்த்தால், விலையுயர்ந்த ஸ்வீடன் இரும்பு இல்லாமலே நல்ல எஃகு வரும். கந்தகம் இரும்பின் மணிகளுக்கு இடையில் படர்ந்து, சூட்டில் அடிக்கும்போது பிளக்கச் செய்யும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். உருகிய எஃகில் மிஞ்சிய ஆக்சிஜனையும் எடுத்துவிடும். ஷெஃபீல்டு முழுவதும் இதைப் பயன்படுத்தியது. உரிமைத்தொகை கேட்ட ஹீத்துக்கு, நாங்கள் போடுவது நீங்கள் எழுதிய பொருள் அல்ல, வேறு வடிவ மாங்கனீசு என்று பதில் சொன்னார்கள். வழக்கு நீண்டது. அவர் இறந்த பிறகு, 1855இல், பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. சேலத்தையும் ஷெஃபீல்டையும் தன் வாழ்க்கையால் இணைத்த இந்த மனிதரை இரண்டு ஊர்களும் இன்னும் அதிகமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கெல்லம் தீவு அருங்காட்சியகம். வாசலிலேயே முட்டை வடிவில் ஒரு பிரம்மாண்டமான பெஸ்ஸெமர் கலம். உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினால், உள்ளிருக்கும் கார்பனும் சிலிக்கனும் எரிந்தே வெப்பத்தைக் கூட்டும். வேறு எரிபொருள் வேண்டாம் என்று ஹென்றி பெஸ்ஸெமர் 1856இல் அறிவித்தார். மூசையில் 25 கிலோ எஃகுக்கு மணிக்கணக்கில் காத்திருந்த உலகத்துக்கு, அரை மணிக்குள் டன் கணக்கில் எஃகு. ஆனால் உரிமம் வாங்கியவர்கள் செய்த எஃகு நொறுங்கியது. காரணம் இரண்டு. காற்று ஊதியதில் ஆக்சிஜன் உள்ளே தங்கியது. ராபர்ட் மஷெட் மாங்கனீசு கலந்த இரும்பைக் கடைசியில் சேர்த்து அதைத் தீர்த்தார். ஹீத்தின் மாங்கனீசு மீண்டும் வந்துவிட்டது. இரண்டாவது காரணம் பாஸ்பரஸ். கலத்தின் உட்பூச்சை மாற்றி அதை நீக்க சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் 1870களின் இறுதியில் வழி கண்டார். இன்று நம் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கான பாதை அங்கே தொடங்கியது. உள்ளே 12,000 குதிரைத்திறன் கொண்ட ரிவர் டான் நீராவி எஞ்சின் இருக்கிறது. கவசத் தகடுகளை உருட்டியது. பெரியதுதான். எனக்கு என்னவோ அபீடேலின் குழிகளைப்போல் அது மனதில் பதியவில்லை.

அன்று மாலை அக்கா மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தான். அவன் அறையில் இரண்டு எவர்சில்வர் பொருட்கள்: ஊரிலிருந்து கொண்டுவந்த டம்ளர், இங்கே வாங்கிய காய்கறிக் கத்தி. காந்தம் கத்தியில் ஒட்டியது, டம்ளரில் ஒட்டவில்லை.

"ரெண்டும் துருப்பிடிக்காது. ஆனா உள்ளே அணுக்கள் நிற்கிற வரிசை வேறுங்க மாமா" என்றான்.

கத்தியின் வரலாறு இந்த ஊருடையது. மூசை உலைத் தொழிலாளியின் மகன் ஹாரி பிரியர்லி, சிறுவனாகவே ஆலைக்குள் வந்து, ஆய்வகத்தில் குப்பி கழுவி, படித்து மேலே வந்தவர். துப்பாக்கிக் குழாய்கள் விரைவாகத் தேய்வதைத் தடுக்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்தவர், 1913 ஆகஸ்ட் 13 அன்று 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்க்க அமிலம் பூசியபோது அது அரிபடவே இல்லை. வேறொருவர் சலிப்புடன் ஒதுக்கியிருக்கக்கூடிய தடையை, இது கத்திக்கு ஆகும் என்று புரிந்துகொண்டார். காரணம் எளியது: குரோமியம் பத்தரை சதவீதத்தைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் மேலே தானாக உருவாகும், கீறினாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். ஏறத்தாழ அதே நேரத்தில் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் நிக்கலும் சேர்த்த எஃகு வந்தது. நம் டம்ளர் அந்த வழி வந்தது.

காந்தத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு அணுக்கள் சாதாரண வெப்பத்தில் ஒருவித அடுக்கிலும், செந்தணல் நிலையில் வேறோர் அடுக்கிலும் நிற்கின்றன. சூடான அடுக்கில் கார்பனுக்கு இரண்டு சதவீதம் வரை இடம் உண்டு; ஆறிய அடுக்கில் இடமே இல்லை என்று சொல்லலாம். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது, கார்பன் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது, அடுக்கு திரிபடுகிறது, எஃகு கடினமாகிறது. கொல்லர் தோய்ச்சல் போடுவது இதற்குத்தான். கத்தி இந்த வகை. அதனால் கூர் நிற்கும், காந்தமும் ஒட்டும். டம்ளரிலோ நிக்கல் அந்தச் சூடான அடுக்கையே அறை வெப்பத்திலும் நிலைநிறுத்திவிடுகிறது. அது காந்தத்தை அறியாது. ஆனால் நன்றாக வளைந்து, இழுத்த இழுப்புக்கு வந்து, பாத்திரமாகும். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலை செய்வது இந்தத் துருப்பிடிக்காத எஃகைத்தான்.

கடைசி நாள் டிராமில் மெடோஹால் போனோம். பெரிய வணிக வளாகம். ஹாட்ஃபீல்டு குடும்பத்தின் எஃகாலை இருந்த இடம். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல், 24 வயது நிரம்புமுன், எஃகில் மாங்கனீசைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார். சில சதவீதத்தைத் தாண்டியதும் எஃகு நொறுங்கியது. எல்லோரும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 12, 13 சதவீதத்தில், காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும், எல்லா எஃகும் கடினமாக வேண்டிய அந்த இடத்தில் இது பதமானது. உடையாத பொருளாக மாறியது. காந்தம் ஒட்டவில்லை. அடிக்க அடிக்க அடிபட்ட மேற்பரப்பு மட்டும் இறுகியது. ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலும், கல் நொறுக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும் இன்றும் இதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் தலைக்கவசமும் இதனால் செய்ததே.

இந்த ஹாட்ஃபீல்டுதான் 1912 வாக்கில் டெல்லி இரும்புத் தூணின் துண்டையும் இலங்கையின் பழைய எஃகுக் கருவிகளையும் சோதித்து எழுதியவர். பின்னாளில் இன்னொன்றும் செய்தார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, 1820 வாக்கில், கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்திய வூட்ஸின் ரகசியத்தைத் தேடியிருந்தார். அலுமினியச் சேர்க்கைதான் காரணம் என்று முதலில் எண்ணினார், அது சரியல்ல. ஆனால் அந்தத் தேடலில் அவர் நிக்கல், குரோமியம், பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று ஒவ்வொன்றாக எஃகில் கலந்து பார்த்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு பெட்டியில் கிடந்த அவருடைய 79 மாதிரிகளை ஹாட்ஃபீல்டு ஆராய்ந்து, 1931இல் நூலாக வெளியிட்டார். உலோகக் கலப்பு எஃகு என்ற துறையின் தொடக்கத்தில் ஃபாரடே நிற்கிறார் என்றால், அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நம் பக்கத்து வில்லைகள். ஷெஃபீல்டின் அருங்காட்சியகங்களில் இந்தத் தொடர்ச்சிக்கு ஒரு சுவர் ஒதுக்கினால் தகும். சேலத்திலும் ஒதுக்க வேண்டும்.

திரும்பும் டிராமில் அக்கா மகன் தன் படிப்பைப் பற்றிப் பேசினான். ஹாட்ஃபீல்டின் எஃகிலிருந்து மேலே போய், 15 முதல் 30 சதவீதம் வரை மாங்கனீசு சேர்த்த எஃகைக் கார் உடலுக்குக் கொண்டுவர உலகில் பல ஆய்வகங்கள் முயல்கின்றன.

"மோதினா உடையாம மடங்கும்ங்க மாமா. மடங்க மடங்க உறுதி ஏறும். ஆனா இவ்வளவு மாங்கனீசோட வார்க்கிறது கஷ்டம், விலையும் கூட. துத்தநாகம் பூசறதுலயும் சிக்கல் இருக்கு."

"அப்ப எதைக் குறைக்கப் போறீங்க?"

"மாங்கனீசை அஞ்சு, பத்துக்குள்ள கொண்டுவந்து, சூடேத்துற முறையில ஈடுகட்டலாமான்னு பார்க்கிறாங்க" என்றான். அந்த வாரம் அவனுக்கும் ஆய்வகத்தில் உலை கிடைத்திருந்தது.